முகத்துவாரம் திறந்த மூன்று நாள்

கார்த்திகை மழை விட்ட மறுநாள், விடிந்து இரண்டு நாழிகைக்குள் திருப்பாலைவனத்திலிருந்து கிளம்பினேன். துணிக்குச் சிவப்பு ஏற்றும் சாயவேர் எங்கள் வீட்டில் தீர்ந்துபோயிருந்தது. அரைக் காதத்துக்குச் சற்று அதிகமான நடை. உச்சிவேளைக்கு முன்பே பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக் கொடி தெரிந்தது. கடைத்தெருவில் வேர் இல்லை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல்திட்டில் கிடைக்கும் என்றார்கள்.

தோணிக்காரர் எல்லப்பன் இரண்டு காசுக்கு ஏற்றிக்கொண்டார். எனக்கு நீச்சல் தெரியாது. பலகையை இறுகப் பிடித்தபடி அவருடைய ஊரின் பெயரைக் கேட்டேன்.

"பேரு இன்னாத்துக்கு? திட்டுன்னுவோம். கோட்டைக்காரங்க எங்கள, அக்கரைல அதிகாரம் பண்ற நாட்டாரு ஆளுங்கன்றாங்க. நாட்டாரு, கோட்டை ஆளுங்கன்றாரு. பதினேழு குடிசைங்க, அவ்ளோதான்."

இறங்கியபோது அந்தப் பதினேழில் பாதி தண்ணீரில் நின்றது. மழையில் ஏரி நிரம்பிவிட்டது; அது கடலில் வடியும் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டது. மீன் உள்ளே வரவும் வழியில்லை. எல்லப்பனின் மகள் மங்கம்மா, இடுப்பில் குழந்தையோடு பானைகளைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். வேரைப் பற்றிக் கேட்கவே கூச்சமாக இருந்தது.

"வேரு மேட்டுல கீது. தோண்ட ஆளு ஏது? நாளைக்கு எல்லாரும் வாய்க்கா வெட்டப் போறோம்" என்றாள்.

"நானும் வருகிறேன்" என்றேன்.

இரண்டாம் நாள் நாற்பது பேர் வெட்டினோம். மண்வெட்டிகள் நான்குதான், மற்றவர்களிடம் துடுப்பும் கூடையும் வேர் தோண்டும் கம்பியும். மாலைக்குள் இடுப்பளவு ஆழத்தில் வாய்க்கால் கடலுக்குக் கிட்டே போய்விட்டது. கடைசியில் ஐந்து முழ மணல்மேடு மட்டும் பாக்கி. அதையும் உடைக்க ஆண்கள் ஓடினார்கள். மங்கம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"இப்ப ஏத்தம், கடலு ஏறிக்கினே வரும். மண்ணத் தள்ளிக்கினு வந்து மூடிடும். வெடிகாலைல வத்தத்துல ஒடைக்கலாம்."

"மறுபடி மழ வந்தா? உன் வூட்டு உள்ளதான்டி தண்ணி நிக்குது" என்றார் எல்லப்பன்.

"மொதல்ல போறது என் வூடுதான் நைனா. அப்பவும் சொல்றேன், நில்லு."

தீர்ப்புச் சொல்லத் தலைவர் என்று அங்கே யாருமில்லை. எல்லப்பன்தான் முதலில் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

மூன்றாம் நாள் விடியலில் தூறல். கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. மேட்டை உடைத்தோம். முதலில் மணிக்கட்டுக் கனத்தில்தான் தண்ணீர் போனது. பிறகு இரு கரையும் சரிந்து, ஒரு நாழிகையில் தோணி போகும் அகலமாயிற்று. என் காலடி மணலும் சரிந்தது. மங்கம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

"சாயக்காரரே, வேரு வாணாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் நாலடி தள்ளிப் போய் நின்றேன்.

நடுப்பகலில் அவள் வீட்டு அடுப்புக் கற்கள் வெளியே தெரிந்தன. குனிந்து தொட்டுப் பார்த்தாள். பிறகு கம்பியை எடுத்துக்கொண்டு என்னோடு வேர் இருந்த மேட்டுக்கு வந்தாள். சாயங்கால ஏற்றத்தில் எல்லப்பன் வீசிய வலையில் ஒரு கை இறால் துள்ளியது. அதைப் பார்க்க ஊரே கூடிவிட்டது.

இரண்டு கட்டு வேரோடு மறுநாள் திரும்பினேன். எங்கள் ஊரில் நாட்டாரும் உண்டு, கணக்கரும் உண்டு. போன வருஷ மழையில் உடைந்த எங்கள் ஊர் ஏரிக்கரையை அடைக்க அவர்கள் உத்தரவு வருமென்று ஒரு வருஷமாகக் காத்திருந்தோம். தெருவில் வீடுவீடாகப் போய்த் திட்டில் பார்த்ததைச் சொன்னேன். மறுநாள் காலை கரைக்கு ஆறு பேர் வந்தார்கள். உடைப்பை அடைக்க அது போதவில்லை. அதற்கடுத்த நாள் இருபது பேர் வந்தார்கள்.