தேசிக்காய்த் தீர்த்தம்

யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படித்துப் பட்டம் வாங்கிய ஒருத்தி, ஒஸ்லோவில் வேலைக்கான நேர்முகத்துக்குப் போன இடத்தில் உடம்பில் பூசும் சென்றைக் குடித்தாள். அந்த ஒருத்தி நான்.

அது ஒரு துருக்கிக் குடும்பத்தின் வாசனைத் திரவியக் கடை. குடும்பத்துப் பெரியவரின் தாத்தா இஸ்தான்புல்லில் தொடங்கியதாம். இங்கே பெரியவரும் மகனும் மருமகளும் நடத்தினார்கள். ரோஜா, மல்லிகை, புகையிலை, தேசிக்காய் என்று வரிசையாகக் கண்ணாடிப் போத்தல்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்ட வேண்டுமென்று புது விதி வந்திருந்தது. அதற்கு இரசாயனம் தெரிந்த ஆள் தேவை. ஆனால் கலவை குடும்ப இரகசியம் என்பதால், அந்த ஆளுக்கும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு அப்போது ஏழு மாதப் பிள்ளை. முதல் தடவையாக அவனைக் கணவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். போத்தல் பாலை வாயில் வைக்கமாட்டான்; மூன்று மணித்தியாலத்துக்குள் நான் திரும்ப வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கான கையேட்டை இரண்டு மொழிகளில் வாசித்து, கோப்பியைக்கூட அரைக் கோப்பையாகக் குறைத்திருந்தேன்.

பெரியவரின் மகன், சுவரிலிருந்த கடை தொடங்கிய மீசைக்காரரின் படத்தைக் காட்டி, "அன்றிலிருந்து ஒரு துளிகூட மாற்றவில்லை" என்றார். அப்போது பெரியவர் உள்ளேயிருந்து வந்தார். வெள்ளைத் தலை, கோட்டு, கையில் நீளக் கழுத்துப் போத்தல். என் முன்னால் நின்று போத்தலைச் சரித்தார்.

இப்படியான நேரத்தில் என்ன செய்வதென்று எனக்கு மூன்று வயதிலேயே கோயிலில் பழக்கிவிட்டார்கள். இடக்கையின் மேல் வலக்கையைக் குழித்து ஏந்தினேன். ஊற்றினார். உறிஞ்சினேன். மிச்சத்தைத் தலையில் தடவினேன்.

தேசிக்காய்ப் புளிப்பு மணத்தோடு நாக்கு எரிந்தது. துப்பினால் மரியாதையில்லை என்று விழுங்கியும் விட்டேன்.

மூவரும் என்னையே பார்த்தார்கள். மருமகள்தான் மெல்லச் சொன்னாள்: "அது கையில் தேய்த்துக்கொள்ள. விருந்தாளிகளுக்கு எங்கள் வழக்கம்."

பெரியவர் துருக்கி மொழியில் ஏதோ கேட்டார். மகன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். "எப்படி இருக்கிறதாம்?"

"நன்றாக இருக்கிறது" என்றேன்.

"இதுவரை வந்தவர்கள் எல்லாரும் முகர்ந்துதான் பார்த்தார்கள்," என்றாள் மருமகள், சிரிப்பை அடக்க முடியாமல். "இவ்வளவு ஆழமாக ஆராய்ந்தவர் நீங்கள்தான். திங்கட்கிழமை வாருங்கள்."

வேலை கிடைத்த சந்தோஷம் ரயில் ஏறும்வரைகூட நிற்கவில்லை. ஒரு தேக்கரண்டி, எண்பது வீத அற்ககோல், என் நிறை, பிள்ளையின் நிறை என்று நாங்கள் இருக்கும் ரொம்சோஸ் வரும்வரை கணக்குப் போட்டேன். விடை ஒவ்வொரு நிலையத்திலும் மாறியது.

கதவைத் திறக்கும்போதே அவன் கத்திக்கொண்டிருந்தான்.

"வந்திட்டீரோ? போத்திலைக் கண்டாலே சண்டைக்கு வாறான். கெதியாப் பாலைக் குடும்," என்று பிள்ளையை நீட்டிய கணவர் மூக்கைச் சுளித்தார். "என்னப்பா, சலூன் மாதிரி மணக்கிறீர்?"

"சென்ற் குடிச்சிட்டன்."

"ஆர், நீரோ? பியர் இருக்கிற மேசையிலை இருக்கமாட்டன் எண்ட ஆள்!"

சிரித்தபடியே நிலத்தில் குந்திவிட்டார். நான் சுகாதார நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். தாதியின் குரல் மிக மென்மையாக இருந்தது.

"எவ்வளவு குடித்தீர்கள்?"

"ஒரு தேக்கரண்டி. மிச்சத்தைத் தலையில் தடவினேன்."

"தலையில்?"

எங்கள் சமயத்தில் தீர்த்தம் வாங்கும் முறையை விளக்கினேன். விளக்க விளக்க அந்தப் பக்கத்தில் தட்டச்சுச் சத்தம் கூடியது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளை எடுத்துப்போகும் பிள்ளைகள் நலத்துறை பற்றி எங்கள் ஆட்கள் பிறந்தநாள் விழாக்களில் கதைக்கும் கதைகளெல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தன.

"வீட்டில் மனம்விட்டுப் பேச யாராவது இருக்கிறார்களா?"

"கணவர் இருக்கிறார். சிரித்துக்கொண்டிருக்கிறார்."

யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, அந்த அளவுக்குப் பயமில்லை, பால் கொடுக்கலாம் என்றாள். நான் நன்றி சொல்லுமுன் சேர்த்தாள்: "பதற்றமாக இருந்தால் இரண்டு மணித்தியாலம் பொறுக்கலாம். நீங்கள்தானே தாய், நீங்களே தீர்மானியுங்கள்."

இந்த நாட்டில் நான் கேட்ட வசனங்களில் இதைவிடப் பயங்கரமானது வேறில்லை.

தீர்மானித்தது பிள்ளைதான். என் சட்டையைப் பிடித்து இழுத்தான். கொடுத்தேன். கண் மூடிக் குடித்து, அப்படியே நித்திரையானான். நித்திரையா மயக்கமா என்று பார்க்க எழுப்பினேன். அழுதான். அழுதது நிம்மதியாக இருந்தது, மறுபடி கொடுத்தேன். மறுபடி நித்திரையானான். மறுபடி எழுப்பினேன்.

நாலாம் தரம் எழுப்பப் போனபோது கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டார். நான் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.