நான்காவது பதில்

நான் என் மனைவியை ஏமாற்றி மணந்தவன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வரிக்குப் போனால் தைரியம் இருக்காது.

திண்டுக்கல்லில் அப்போது ஒரு சிறு வாரப் பத்திரிகை நடத்தினேன். அதில் 'ஆலோசகர் பதில்கள்' என்றொரு பக்கம். ஆலோசகர் நான்தான்! வாசகர்கள் தங்கள் துயரத்தைப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். தடித்தடி நாவல்களை ஒரே மூச்சில் படித்த எனக்கு, அந்தக் கடிதங்களைப் பிரிக்கச் சோம்பல்...

ஆகவே ஓர் ஏற்பாடு செய்தேன். நான்கு பதில்களை ஈய எழுத்தில் கோத்து, நூலால் கட்டி, நிரந்தரமாக வைத்துக்கொண்டோம். கடிதத்தில் 'மாமியார்' தென்பட்டால் முதல் கட்டு. 'பரீட்சை' என்றால் இரண்டாவது. 'வயிற்றுவலி'க்கு மூன்றாவது. மூன்று சொல்லும் இல்லையென்றால் நான்காவது: "மற்றவர்கள் சொல்வது இருக்கட்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" பெயரை மட்டும் மாற்றுவோம்.

அச்சுக் கோக்கும் சவரிமுத்துவுக்கு ஒருநாள் சந்தேகம் வந்தது.

"மாமியாருக்கு வயித்துவலின்னு எழுதிருக்காக. எந்தக் கட்ட வைக்கண்ணே?"

மாமியாருக்கே முன்னுரிமை என்று சட்டம் இயற்றினேன்.

மனிதரோடு உரையாடும் இயந்திரத்தை அமெரிக்காவில் இப்போதுதான் செய்திருக்கிறார்களாம். பேப்பரில் படித்துச் சிரித்துக்கொண்டேன்.

வத்தலக்குண்டிலிருந்து ரெஜினா எழுதினாள். ஆசிரியப் பயிற்சி முடித்தவள். வேலைக்கு அனுப்பத் தகப்பனாருக்கு மனமில்லை. இதெல்லாம் பிற்பாடு அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடிதத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. சவரிமுத்து நான்காவது கட்டை வைத்தான். தான் நினைப்பதை அவள் எழுதினாள். மறுபடியும் நான்காவது. இன்னும் விரித்து எழுதினாள். மறுபடியும்...!

மூன்றாவது முறை அதைப் படித்துவிட்டுத் தகப்பனாரிடம் போய், வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் சேர்ந்த வாரமே அச்சகம் தேடி வந்தாள்.

"நீ என்ன நெனக்கிறேன்னு எங்க வீட்ல ஒருத்தரும் கேட்டதில்ல. நீங்க மூணு தடவை கேட்டீங்க."

சவரிமுத்து அச்சு இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்துகொண்டான். நான் உண்மையைச் சொன்னேனா? முகத்தை ஞானி போல் வைத்துக்கொண்டேன்! அடுத்த தையில் கல்யாணம்.

அதற்கு முதல் நாள் அந்தக் கட்டுகளைப் பிரித்து எழுத்துகளைப் பெட்டியில் போட்டேன். அன்றுமுதல் எல்லாக் கடிதங்களையும் படிக்கிறேன். மாலையில் பள்ளிவிட்டு வந்து ரெஜினா பேசுவாள். ஒரு சொல் விடாமல் கேட்பேன். பத்து வருஷமாகச் சந்தோஷமாகத்தான் இருக்கிறோம். பிடிபட்டுவிடுவோமோ என்ற பயத்தில் வந்த நல்ல குணம், நல்ல குணந்தானா? நீங்களே சொல்லுங்கள்... ரெஜினாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

போன ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்து தன்னோடு வேலைபார்க்கும் டீச்சரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். அந்த அம்மாள் தம் கஷ்டத்தைச் சொல்ல நாக்கூசி, எழுதிக் கொண்டுவந்திருந்தார். பதினாறு பக்கம்!

"கூச்சப்படாமக் குடுங்க டீச்சர். எம்புட்டு நீளமா இருந்தாலும் இவுக ஒரு வரி விட மாட்டாக. என் கடுதாசிய அப்படித்தான் படிச்சாக."

ஒரு வரி விடாமல்தான் படித்தேன். ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் ஓரக்கண்ணால் ரெஜினாவைப் பார்த்தேன்.

அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.