சொல்லிவிட்டுத் திருடிய மல்லி

வாழ்க்கையில் நான் ஒரே ஒரு முறைதான் திருடப் போனேன். அதையும் செடிக்குச் சொந்தக்காரியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன்.

எழுபதுகளின் கடைசி. ஜவ்வாது மலையில் எங்கள் வீடும் அத்தை வீடும் ஒரே வேலிக்கு இரு பக்கம். அப்பாவின் அக்கா அவள். அவளுடைய ஆடு எங்கள் சாமைக் கொல்லையில் புகுந்து மேய்ந்ததில், அவளுக்கும் அம்மாவுக்கும் பேச்சு நின்று மூன்று மாதம். ஆடு மட்டும் இரு வீட்டுக்கும் சகஜமாகப் போய்வந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு அத்தை வீட்டுக் குண்டுமல்லிமேல் ஆசை வந்தது. பூச்செடியைக் கேட்டு வாங்கினால் தழைக்காது, திருடி நட்டால்தான் தழைக்கும் என்பார்கள் எங்கள் பக்கம். பேச்சு நின்றவர்களுக்கு இதைவிட வசதி உண்டா? ஒரு கிளையை ஒடித்துவரச் சொல்லி, எட்டு வயதுப் பெண்ணான என்னை அனுப்பினாள்.

வேலியில் நுழையும்போதே பாவாடை முள்ளில் மாட்டிக்கொண்டது. அத்தை வந்துதான் விடுவித்தாள்.

"இங்க இன்னாடி வேல?"

"மல்லி திருட வந்தேன் அத்தே. அம்மாதான் அனுப்பிச்சாங்க."

அத்தை சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். "நான் பார்க்கல. வளைச்சு மண்ணுல பொதச்சு மேல கல்லு வெச்சிருக்கேன் பாரு, அந்தக் கிளைய எடு. மண்ணுக்குள்ள வேர் வுட்டிருக்கும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவளே காட்டி நான் எடுத்தால் அது திருட்டா? வேறொரு கொழுந்துக் கிளையைக் கிள்ளிக்கொண்டு ஓடிவந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அத்தையே அப்படித்தானே சொன்னாள்.

நான்காம் நாள் கிளை கருகிவிட்டது. அம்மாவின் முகம் அதைவிட வாடியது. வேலிக்கு மேலாக அத்தையும் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் காலை வேலிக்கு எங்கள் பக்கத்தில், வேரும் மண்ணுமாக ஒரு மல்லிச்செடி, தேக்கிலையில் சுற்றி நாரால் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அம்மா அதை நட்டுவிட்டு அங்கேயே நின்றாள். அந்தப் பக்கம் அத்தை சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி," என்றாள் அம்மா, "இதுக்கு எத்தன நாளுக்கு ஒருக்கா தண்ணி வுடணும்?"

எனக்கு அவமானமாகிவிட்டது. காட்டு நெல்லிக் கொட்டையையே முளைக்க வைக்கிறவள் எங்கள் அம்மா. ஊரே அவளிடம்தான் வந்து கேட்கும். குடும்ப மானத்தைக் காப்பாற்ற நானே முந்திக்கொண்டேன்.

"இதுகூடத் தெரியாதாம்மா? ஒரு நாள் வுட்டு ஒரு நாள்."

இருவரும் ஒன்றாகத் திரும்பி என்னை முறைத்தார்கள். மூன்று மாதத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். உள்ளே போய்ப் படி என்று இருவருமே விரட்டினார்கள். போன பிறகும் வெகுநேரம் வேலியோரம் பேச்சுக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதைச் சொல்ல அவ்வளவு நேரமா என்று எனக்குப் புரியவேயில்லை.