மதில் மேல் கல்

துணி துவைக்கிறவளிடம் யாரும் எதையும் மறைக்க முடியாது. அண்ணனை என் ஓரகத்தி கட்டினாள், தம்பியை நான் கட்டினேன். மாடியில் அவர்கள், கீழே நாங்கள். வாஷிங் மெஷின் என் சமையலறைக்குப் பின்னால் இருப்பதால் இரண்டு குடும்பத்து அழுக்கும் என் கைக்குத்தான் வரும். எந்தச் சட்டைப் பையில் சிகரெட் தூள் இருக்கிறது, டயட் என்று சொல்லிவிட்டு வெளியே யார் எண்ணெய்ப் பண்டம் தின்றுவிட்டு வருகிறார்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. அவள் காலை ஓட்டத்தை நிறுத்திவிட்டாள் என்பதையும் துணிக்கூடைதான் எனக்குச் சொன்னது.

அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவின் ஓட்டப் பனியனை மற்ற துணிகளோடு சேர்த்துப் போட முடியாது. அப்படி ஒரு நாற்றம். அது கூடையில் கிடந்தால் என் வீட்டுக்காரர் செத்த எலியைத் தேடி வீடு முழுக்கச் சுற்றுவார். அந்தப் பனியன் இப்போது மடிப்புகூடக் கலையாமல் வந்து விழுந்தது. முகர்ந்து பார்த்தேன். போன முறை நான் போட்ட சோப்பின் வாசனைதான் அடித்தது. விடிவதற்கு முன்பே ஷூ மாட்டிக்கொண்டு போகிறாள், வெயில் ஏறியபின் வருகிறாள், உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

அக்காவுக்குப் பல் செய்கிற வேலை. டாக்டர் இல்லை, டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்ப, அதை வைத்துப் பல் செட் செய்துதரும் லேபில் இருக்கிறாள். பிளாஸ்டரில் ஈறை வார்த்து, மெழுகில் பற்களை வரிசையாக நட்டு, கடைசியில் சுற்றும் சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்குவாள். புருவத்தில் வெள்ளைத் தூளோடுதான் வீடு திரும்புவாள். யாரைப் பார்த்தாலும் வாயைத்தான் முதலில் பார்ப்பாள், முகம் அப்புறம். என்னை முதன்முதலாகப் பார்த்தபோது அவள் சொன்னது, "கடவாய்ல ஒண்ணு சொத்தையா இருக்கு, சீக்கிரம் காட்டிடு." இப்படி ஒருத்தியோடு காலம் தள்ள வேண்டுமே என்று அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

டிரைவரம்மா அவளுக்குக் கிடைத்ததும் ஒரு பல்லால்தான். பள்ளி வேன் ஓட்டுகிறவள். வேன் கதவு இடித்து முன்பல் போய், புதுப் பல் வைத்திருந்தாள். பேசும்போதெல்லாம் அது விசிலடித்தது. வேனில் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று, டாக்டரிடம்கூடப் போகாமல் நேராக லேபுக்கே வந்து சண்டை பிடித்தாள். அக்கா அதை வாங்கிச் சக்கரத்தில் லேசாகத் தேய்த்துக் கொடுத்து, "இப்ப ஏதாவது சொல்லுங்க, பாப்போம்" என்றாள்.

"சனிக்கிழமை காலைல சும்மா இருந்தீங்கன்னா சேர்ந்து ஓடலாம்" என்றாளாம் டிரைவரம்மா. விசில் வரவில்லை. நாள் முழுக்க வேனில் உட்கார்ந்தே இருக்கிறாள், சர்க்கரை வந்துவிட்டது, டாக்டர் ஓடச் சொல்லியிருக்கிறார், தனியாக ஓட வெட்கமாக இருக்கிறது என்ற விஷயமெல்லாம் அப்புறம்தான் வெளியே வந்தது.

ஆரம்பத்தில் இரண்டு பேரும் தெருமுனையைத் தாண்டவில்லை. மூச்சு வாங்குவதைவிடச் சிரித்தது அதிகம். பிறகு தெருமுனை போய்த் தண்ணீர்த் தொட்டி வந்தது, தொட்டி போய் மேம்பாலம் வந்தது. போன வருஷம் பத்து கிலோமீட்டர் பந்தயத்தில் கடைசி இரண்டு இடங்களையும் பங்கு போட்டுக்கொண்டு வந்தார்கள். தோற்றுவிட்டு இவ்வளவு குதித்த ஆட்களை நான் பார்த்ததில்லை. அந்தக் குதியிலேயே அடுத்தது இருபத்தொன்று என்று பெயர் கொடுத்துவிட்டார்கள்.

அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. டிரைவரம்மா வேன் பழக்கத்தில் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நிற்பாள். அக்கா மற்ற எல்லாவற்றிலும் கறார், தூக்கத்தில் மட்டும் மகாராணி. காத்திருந்து அலுத்துப்போன டிரைவரம்மா, தண்ணீர்த் தொட்டி மதிலோரம் கிடந்த கறுப்புக் கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். உள்ளங்கை அகலம், தட்டையானது. முதலில் வருகிறவள் அதை மதில் மேல் வைத்துவிட்டு ஓடத் தொடங்க வேண்டும். அடுத்து வருகிறவள் கல்லைப் பார்த்தால், ஆள் முன்னால் போகிறாள் என்று தெரிந்துகொண்டு, அதைக் கீழே இறக்கிவிட்டுத் துரத்திப் பிடிக்க வேண்டும். போன் எதற்கு இருக்கிறது என்று நான் கேட்டேன். "வேன் ஓட்டறப்பவே போனைத் தொட மாட்டேன், கால் ஓட்டறப்ப தொடுவேனா?" என்றாள் டிரைவரம்மா.

அக்கா ஒரு நாளும் முதலில் போனதில்லை. கல்லை இறக்கித்தான் அவளுக்குப் பழக்கம், ஏற்றிப் பழக்கமே இல்லை. இந்த ஒரு விஷயம் பின்னால் இப்படி வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், வேனைக் கழுவிக்கொண்டிருந்த டிரைவரம்மா அப்படியே உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். ஓட்டம்தான் ஆளைக் கொன்றது என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். இத்தனை காலம் தாங்கியதே அந்த ஓட்டத்தால்தான் என்று டாக்டர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அக்கா போய் அந்த வீட்டில் ஓர் ஓரமாக நின்றுவிட்டு வந்தாள். மறுநாள் வழக்கம்போல லேபுக்குக் கிளம்பினாள். புருஷன் போனால், கூடப் பிறந்தவர்கள் போனால் லீவு கேட்கலாம். கூட ஓடினவளுக்கு என்ன லீவு? என்ன முறை என்று சொல்வது? வீட்டில் நாங்களும் ரெண்டு நாள் 'ச்சு' கொட்டினோம், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். எனக்கே கோபம் வருகிறது இப்போது நினைத்தால்.

அவள் அழவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். "எப்படிக்கா இருக்க?" என்று கேட்டால், "ஒண்ணும் தோணலடி" என்பாள். பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைக் கடித்தாலும் தெரியாதே, அந்த மாதிரி இருக்கிறது என்றாள் ஒரு முறை. ஒரு சாயங்காலம் அவள் விரலில் பெரிய கொப்புளத்தைப் பார்த்துப் பதறிவிட்டேன். லேபில் மெழுகை உருக்கும் கத்தி சுட்டிருக்க வேண்டும். "எப்பக்கா பட்டுச்சு?" என்றேன். யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தெரியலயே" என்றாள்.

அந்த நேரம் பார்த்து கூரியரில் பந்தயப் பொட்டலம் வந்து சேர்ந்தது. இரண்டு பேருக்கும் எங்கள் வீட்டு முகவரியையே கொடுத்திருந்தார்கள். இரண்டு டி-ஷர்ட், நெஞ்சில் குத்திக்கொள்ள இரண்டு நம்பர் துணி. அக்கா அதை அலமாரி உச்சியில் எறிந்துவிட்டுச் சமையலைக் கவனிக்கப் போனாள்.

பனியன் காய்ந்து வந்த கதை இதற்கெல்லாம் பிறகு. மறுநாள் விடியலில் நைட்டிமேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். துப்பறிகிற ஆளுக்குச் செருப்புச் சத்தம் ஆகாது என்று கையில் வேறு எடுத்துக்கொண்டேன். அக்கா விறுவிறுவென்று தொட்டி வரை நடந்தாள். மதில் மேலே பார்த்தாள். கல் இல்லை; கீழே, கடைசியாக அவள் இறக்கி வைத்த இடத்திலேயே கிடந்தது. நின்றாள். நடைப்பயிற்சிக்காரர்கள் போனார்கள், பேப்பர்காரர் சைக்கிளில் போனார். அக்கா மதிலோரம் குந்தினாள். வெளிச்சம் வந்தது, வெயிலும் ஏறியது. எழுந்து பின்பக்கத்துத் தூசியைத் தட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்துத் திரும்பினாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"நீ எதுக்குடி வந்த?"

"பனியன் நாறலக்கா."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இப்போது தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஓடணும்னுதான் வர்றேன். இங்க வந்து பாத்தா கல்லு இல்ல. கால் நகர மாட்டேங்குது."

"அப்ப நீயே வெச்சிட்டு ஓட வேண்டியதுதானே?"

"வெச்சா யாரு எடுப்பா?"

அவளே தொடர்ந்தாள், லேபில் கணக்கு ஒப்பிக்கிற குரலில். "எனக்குத் துரத்தத்தான் தெரியும். முன்னாடி அவ முதுகு தெரியும், அதைப் பாத்துக்கிட்டே போவேன். எனக்கு ஓட ஆசையா இல்லையான்னுகூட இப்பத் தெரியல. விட்டுடலாம்டி. அந்த ஷூவ யாருக்காவது குடுத்துடு."

வீட்டுக்கு வந்ததும் சொன்னபடியே ஷூவைக் கழற்றி மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பயந்துவிட்டேன், உள்ளபடி சொல்கிறேன். ஷூ போனால் அவளும் இப்படியே போய்விடுவாள். இருப்பாள்தான், பல் செய்வாள், சமைப்பாள், சூடு பட்டால் தெரியாமல் எங்கள் நடுவில் நடமாடுவாள். அப்படி ஒரு அக்காவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சாயங்காலம் மாடிக்குப் போய், "நாளைக்கு ஒரே ஒரு நாள் போயிட்டு வா. அப்புறம் குடுத்துடறேன்" என்றேன். ஏன் என்று கேட்கும் தெம்புகூட இல்லாமல் சரி என்றாள்.

அடுத்த நாள் அவளுக்கு முன்பே எழுந்தேன். "வீடு தீப்புடிச்சிடுச்சா?" என்று என் வீட்டுக்காரர் திடுக்கிட்டு உட்கார்ந்தார். அதிகாலையில் என்னை நிற்கிற கோலத்தில் அவர் பார்த்ததில்லை. அவருடைய பழைய கேன்வாஸ் ஷூவுக்குள் துணியை அடைத்து மாட்டிக்கொண்டு தொட்டிக்குப் போனேன். கல் சில்லென்று இருந்தது. தூக்கி மதில் மேல் வைத்தேன்.

வைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்பதுதான் என் திட்டம். கல்லைப் பார்த்ததும்தான் உறைத்தது. கல் இருந்தால் முன்னால் ஒருத்தி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். துரத்திக்கொண்டு வந்து வெறும் ரோட்டைப் பார்த்தாளென்றால் அதைவிடப் பாவம் கிடையாது. அட கடவுளே என்று ஓட ஆரம்பித்தேன்.

பஸ்ஸைப் பிடிக்கத் தவிர நான் ஓடியதே இல்லை. கொஞ்ச தூரத்திலேயே விலா குத்தியது, நாக்கு வறண்டது, ஷூவுக்குள் துணி உருண்டு விரலைக் கடித்தது. ஒரு நாய் கொஞ்ச நேரம் கூடவே வந்து, இது தேறாத கேஸ் என்று திரும்பிப் போய்விட்டது. குடோன்கள் வரிசையாக இருக்கும் நீண்ட சாலைக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. டிரைவரம்மாவின் கல்லைத் தொட்டதற்குக் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாளோ? எனக்கு என்ன உரிமை அதைத் தொட? நடந்தேன், பிறகு மறுபடி ஓடினேன். நிற்க மட்டும் மனசு வரவில்லை.

முதலில் சத்தம்தான் வந்தது. தப், தப் என்று ஒரே சீராக. நான் திரும்பவில்லை. என் முதுகுதான் அவளுக்கு வேண்டும், முகம் எதற்கு?

பக்கத்தில் வந்தாள். என்னைப் பார்க்காமல், முகத்தில் ஒன்றும் இல்லாமல், தாண்டிப் போனாள். குடோன் முடிகிற வளைவு வரை போய்த் திரும்பி என்னிடம் வந்தாள். அந்தக் கல்லை இறக்கி வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள்.

"கூன் போடாத. நேரா ஓடு" என்றாள், மூச்சு வாங்க. பிறகு கல்லை என் கையில் திணித்தாள். "இவ்வளவு சீக்கிரமா புடிச்சிட்டேன். நாளைக்கு இன்னும் கொஞ்சம் முன்னாடியே கெளம்பு."

"இருபத்தொண்ணு?"

"தெரியல. எதையும் கேக்காத."

அவள் மேம்பாலத்தை நோக்கி ஓடினாள். நான் குடோன் வாசலில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். அவளுக்கு வர வேண்டியதெல்லாம் எனக்கு வந்தது.

வெயில் ஏறியபின் வீட்டுக்கு வந்தாள். பனியனை மாற்றிக் கூடையில் போட்டாள். அறை முழுக்க அந்தப் பழைய நாற்றம். மாடிக்குப் போகாமல் அங்கேயே நின்றாள். வியர்வை வழிந்த கையை என் முன்னால் நீட்டினாள். கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

"இந்த வெரல் எரியுதுடி" என்றாள். "ரொம்ப எரியுது. எப்பப் பட்டுச்சு இது?"

அவளைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய் விரலில் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.