நசுங்காத எலுமிச்சம்பழம்

முனியாண்டி அண்ணன் காலமான செய்தியை அவருடைய மகள்தான் தொலைபேசியில் சொன்னாள். "அப்பா போயிட்டாரு சித்தப்பா. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாரு, எழுந்திரிக்கல."

அழ வேண்டிய நேரத்தில் நான் கேட்டது, "நல்லா நடந்துக்கிட்டுதானே இருந்தாரு?"

"காலையிலகூட பாசாருக்கு நடந்து போயி மீன் வாங்கிட்டு வந்தாரு."

அப்பாடா என்றிருந்தது. மலேசியாவில், கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தோம். பள்ளத்துச் சேற்றில் டிராக்டர் புதைந்துபோகும் என்பதால் துரை ஒரு ஜப்பான் வண்டியைத் தருவித்தார். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்றே சக்கரம். பலூன் மாதிரி உப்பிய டயர், மோட்டார் சைக்கிள் கைப்பிடி. ஓட்டும் வேலை டிராக்டர் டிரைவரான அண்ணனுக்கு. நான் தோட்டத்து மருந்தகத்தில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரசர், எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். அதனால் பூசைக்கு ஏற்பாடு செய்ததும் நான்தான்.

கோயில் வாசலில் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தேன். அண்ணன் வண்டியை எடுத்தார். டயர் ஏறி இறங்கியது. பழங்களோ முழுசாகக் கிடந்தன! காற்றுக் குறைவான டயர், என்ன செய்யும்? அதை அன்று யார் யோசித்தார்கள்?

"சகுனம் சரியில்லண்ணே, வேணாம்லா" என்று கெஞ்சினேன். அவர் பழங்களைப் பொறுக்கித் துண்டில் துடைத்தார். "நல்லதாப் போச்சு. சீனி போட்டு ஆயெர் லீமாவ் கலக்கிக் குடிக்கலாம் வா."

அதன்பின் அந்த வண்டிச் சத்தம் கேட்டாலே மருந்தக வாசலுக்கு ஓடி வந்து எட்டிப் பார்ப்பேன். திருப்பினால் சாய்கிற வண்டி அது. சாயும்போது மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் கால் தானாகக் கீழே ஊன்றும். ஊன்றினால் பின்சக்கரம் அதன்மேல் ஏறிவிடும். அண்ணனுக்கும் அதுதான் நடந்தது. செம்பனைக் கன்று ஏற்றிப் போனவரை டிராக்டரில் தூக்கி வந்தார்கள். கால்சட்டையை வெட்டினேன். கெண்டைக்காலில் சேறு, கழுவினால் டயர்த் தடம். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

"எலுமிச்சம்பழத்தையே நசுக்கத் தெரியாத வண்டி, என் காலையா நசுக்கப் போவுது? போயி டீ போடுலா" என்றார். நான் முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். நிம்மதியில் வந்த அழுகை.

எண்பதுகளின் கடைசியில் வெளிநாட்டில் இந்த மாதிரி மூன்று சக்கர வண்டி விற்பதையே நிறுத்தினார்கள். அடிபட்டவர்களும் செத்தவர்களும் அவ்வளவு பேர். எங்களுக்கும் நாலு சக்கர வண்டி வந்தது. மறுபடி பழம் வைத்தபோது, நசுங்கிவிடக் கூடாதே என்று மொத்தத் தோட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. முழுசாக உருண்டு வந்ததும் கைதட்டினோம்.

குனோங் ராபாட்டில் இருந்த அவர் வீட்டில் அண்ணனை வழியனுப்பும்போது அந்தக் கெண்டைக்காலை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கோணல் வேண்டுதல். யார் வீட்டுப் புதுக் காருக்குப் பழம் வைத்தாலும், நசுங்கட்டும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நசுங்காமல் போகட்டும் என்று நான் மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.