மாடி வெயிலுக்கு நான் போட்ட தடை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்கழி மாதம். அப்போது மாதனூர் பக்கம் குடியிருந்தோம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. காலையில் கம்பெனி பஸ் வரும்போது பனி விலகியிருக்காது. சாயங்காலம் இறக்கிவிடும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். நடுவில் சூரியன் வந்து போனதா என்று என்னைக் கேட்டால், பிறர் சொல்லிக் கேள்விப்பட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

என் வேலை ஷேடு பார்ப்பது. வெட்டி வரும் தோல் துண்டுகளை டியூப் லைட்டுக்குக் கீழே பக்கம் பக்கமாக வைத்து, நிறம் ஒத்துப்போகிறவற்றை ஜோடி சேர்க்க வேண்டும். இடது ஷூ ஒரு நிறம், வலது ஷூ ஒரு நிறம் என்று போய்விட்டால் பெட்டியோடு திரும்பி வந்துவிடும். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்வார். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் சும்மா இருக்காது. என் மகளை மடியில் போட்டு, அவள் கையை என் கையோடு ஒட்டி வைத்துப் பார்ப்பேன். பிறந்தபோது நல்ல சிவப்பு. எட்டு மாதத்தில் லேசாக மங்கியதுபோல் தெரிந்தது. பகலில் அவளைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்துப் போர்ஷனில் இருந்த ஆப்பா. உருதுவில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தினமும் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போகும்போது குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போவார்.

"வெயில்ல தூக்கினு போவாதீங்க ஆப்பா, ஷேடு மாறுது" என்றேன்.

"புள்ளைக்கு இன்னாமா ஷேடு?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவர் மாடிக்குத் தனியாகத்தான் போனார். தோல் பதனிடும் ஷெட் நாற்றம் வருகிறதென்று ஜன்னல்களையும் சாத்தி வைக்கச் சொன்னேன். ஒன்றரை வயதாகியும் குழந்தை நடக்கவில்லை. சில பிள்ளைகள் மெதுவாகத்தான் நடக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த மார்கழியில் சாதாரணச் சளியாகத்தான் ஆரம்பித்தது. மூன்றாம் நாள் மூச்சு இழுக்க இழுக்க விலா உள்ளே குழிந்தது. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில், குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். வாயில் குழாய் வைத்து, மிஷின்தான் அவளுக்காக மூச்சு விட்டது.

டாக்டரம்மா அவள் விலா எலும்புகளை விரலால் மெல்லத் தடவினார். முனைகளில் மணி மணியாகத் தடித்திருந்ததை எனக்கும் காட்டினார். ரத்தப் பரிசோதனை வந்ததும் எங்களைக் கூப்பிட்டார்.

"நிமோனியாவுக்கு மருந்து போகுது. ஆனா வைட்டமின் டி ரொம்பக் கம்மியா இருக்கு. அதனால எலும்பு, தசை எல்லாமே பலமில்லாம இருக்கு. அதையும் மருந்தா குடுக்கறோம். அது குறையை நிரப்பும். அதுவே நிமோனியாவைச் சரி பண்ணிடும்னு நான் சொல்ல மாட்டேன். பாப்பா வெயிலையே பார்க்கறதில்லையா?"

வெளியே வந்ததும், சோறு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்த ஆப்பாவிடம் என் கணவர் பாய்ந்தார். "பகல் பூரா புள்ளைய இருட்டுலயே வெச்சிருந்தீங்களா? இப்படித்தான் பாத்துக்குனீங்களா?"

ஆப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "தப்புதான் தம்பி" என்றார் அவர். பழியை அவர் மேலேயே இருக்க விட்டேன்.

அதற்குப் பிறகு நாட்கள் எப்படிப் போயின என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உள்ளே எப்போதும் ஒரே வெளிச்சம், எங்கள் கம்பெனி மாதிரி. மிஷின் மூச்சு விடும் சத்தத்தோடு என் மூச்சும் சேர்ந்துகொண்டது. மூக்குக் குழாய் வழியாக நர்ஸ் மருந்து செலுத்துவதை, தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல் பார்த்தேன். மதியத்தில் வராந்தா ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெயில் தரையில் விழும். பெஞ்சிலிருந்து அது மெல்ல நகர்வதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கண் சொக்கும். எங்கள் மொட்டை மாடி வரும். கொடியில் ஈரப் புடவைகள் ஆடும். அவற்றுக்கு நடுவே என் மகள் தத்தித் தத்தி நடப்பாள். நான் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்.

ஐந்தாம் நாள் அப்படித்தான் விழித்தேன். என் உள்ளங்கையில் வெயில் விழுந்திருந்தது. இதமாக இருந்தது. இதைத்தானே அவளிடமிருந்து பிடுங்கினேன் என்று அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் என் கணவர். எதிரே, அவர் முறைப்பையும் பொருட்படுத்தாமல் தினமும் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்த ஆப்பா. இருவரையும் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "ஆப்பா மேல தப்பில்லங்க. வெயில்ல காட்டாதீங்கன்னு நான்தான் சொன்னேன். கறுத்துடுவாளேன்னு சொன்னேன்."

என் கணவர் எழுந்து போய் டீ வாங்கி வந்தார். முதல் டம்ளரை ஆப்பாவிடம் நீட்டினார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஆப்பா?" என்று பிறகு கேட்டேன்.

"அன்னிக்கு நீ இருந்த இருப்புல அதையும் கேட்டா தாங்கியிருப்பியா? என்னைத் திட்டினா திட்டிட்டுப் போறாரு, வுடு. நீ வேணாம்னு சொன்னாலும் நான் தூக்கினு போயிருக்கணும், அதான் எனக்குப் பேஜாரு" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

ஒன்பதாம் நாள் வாயிலிருந்த குழாயை எடுத்தார்கள். கரகரத்த குரலில் அவள் அழுததைக் கேட்டு நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் டாக்டர் சொன்ன அளவில் சொட்டு மருந்து, இடையிடையே ரத்தப் பரிசோதனை. காலையில் ஆப்பாவோடு மாடி. அடுத்த ஆடி மாதம், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே மூன்று அடி நடந்தாளாம். ஆப்பாதான் பார்த்தார். நான் அப்போது டியூப் லைட்டுக்குக் கீழே தோலுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போது அவளுக்கு நாலரை வயது. மாடியெல்லாம் ஓடி, நன்றாகக் கறுத்திருக்கிறாள். நான் இன்றும் அதே மேஜையில் ஷேடுதான் பார்க்கிறேன். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறேன். ஓடி வந்து அவள் என் கையைப் பிடிக்கும்போது, அந்தக் கை கதகதப்பாக இருக்கிறதா என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.