கார்டு பெட்டியில் காதுகுத்து

எனக்குக் காது குத்தியது கூட்ஸ் ரயிலின் கடைசிப் பெட்டியில். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களுக்கு என் காதுகளைக் காட்டுவேன். இரண்டு ஓட்டைகளும் ஒரே மட்டத்தில் இருக்காது.

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மாவின் தம்பி கூட்ஸ் வண்டியில் கார்டு. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதால், ஐந்து வயதில் எனக்கு ஊர்க் கோயிலில் நாள் குறித்தபோது மாமா லீவு சொல்லியிருந்தார். காலையில் அவரை மாற்றிவிட வேண்டிய கார்டு வந்து சேரவில்லை. உர மூட்டைகளோடு மாமாவும் மாட்டிக்கொண்டார்.

கூட்ஸுக்கு நேரம் காலம் கிடையாது. எந்தப் பயணிகள் வண்டி வந்தாலும் ஒதுங்கி வழிவிட வேண்டும், பெண் வீட்டார் மாதிரி. அன்று எக்ஸ்பிரஸுக்காக எங்கள் ஊர் ஸ்டேஷனில் ஒதுங்கி நின்றது. கேட்கீப்பர் கோயிலுக்கு வந்து, மாமாவால் வண்டியை விட்டு வர முடியாது என்றார். அப்பா உடனே ஒன்றுவிட்ட மாமா ஒருவரை மணையில் உட்கார வைத்துவிட்டார்.

“நல்ல நேரம் முடியப்போகுது. யார் மடியா இருந்தா என்ன?”

அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை.

“எந்தம்பி மடியிலதான் குத்தணும். நீங்க வாரீகளோ வரலையோ, நான் போறேன்.”

என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஸ்டேஷனுக்கு நடந்தாள். காது குத்த வந்திருந்த ஆசாரி பின்னால் ஓடிவந்தார். அப்பாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

கடைசியில் இருந்த கார்டு பெட்டியில், மாமா யூனிஃபார்மோடு என்னை மடியில் வாங்கிக்கொண்டார். ஒரு காது ஒழுங்காக முடிந்தது. அடுத்ததற்குள் எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடந்து போக, ஆசாரி பதறிப்போய்க் கொஞ்சம் மேலே குத்திவிட்டார்.

“அழுகாத ஆத்தா, மாமா வந்துருவேன்” என்று என்னைக் கீழே இறக்கிவிட்டு மாமா பச்சைக்கொடியை அசைத்தார். நான் ஊரைக் கூட்டி அழுதேன். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலியைவிட அந்தக் கோபம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. வண்டி கண்ணுக்கு மறையும்வரை அவள் கடைசிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்துவிட்டது. சில கூட்ஸ்களில் இப்போது கார்டு பெட்டியே இல்லை. வாலில் ஒரு கருவியை மாட்டி அனுப்புகிறார்கள். அதைப் பார்த்தால் என் கை தானாகக் காதுக்குப் போகும்.

அம்மாவைப் பெற்றவர்கள் நான் பிறக்கும் முன்பே போய்விட்டார்கள். அவர்கள் வீடும் கைமாறிவிட்டது. பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது, அந்தக் கடைசிப் பெட்டியில் கொடியோடு நின்ற ஒருவர்தான். அது தெரியாமல், அன்று என்னைத் தூக்கச் சொல்லி அவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.